மூடி மிஸ்

வேலணையில் ஒருவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் அதைக் கழற்ற அரசாங்கத்தாலும் முடியாது. 1984ஆம் ஆண்டு சறோஜினிதேவி கரம்பொன்னிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கியபோது, விவசாயத் திணைக்களம் அவளுக்குக் கொடுத்திருந்த பதவிப்பெயர் ஒரு முழ நீளம். தோட்டக்காரருக்குப் புத்தி சொல்கிற வேலை என்று சுருக்கமாகச் சொல்லலாம். இரண்டு வருடம் போவதற்குள் ஊர் அந்த நீளப்பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு, 'மூடி மிஸ்' என்று தன் விருப்பத்துக்கு ஒன்றை வைத்தது. முகத்துக்கு நேரே மிஸ். அவள் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பியதும் மூடி மிஸ். அவளுக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பூச்சியைக் கொல்கிற நஞ்சுக்கு ஊரில் 'மருந்து' என்றுதான் பெயர். அந்தக் காலத்தில் வேலணைத் தோட்டங்களில் மருந்தடிக்கிற முறைக்கு ஓர் அளவும் கிடையாது. கதிர்காமு என்று ஒரு மிளகாய்த் தோட்டக்காரர். முதுகில் மாட்டும் டாங்கியில் தண்ணீரை நிரப்பி, மருந்துப் போத்தலைக் கவிழ்த்து, புழுவில் உள்ள கோபம் தீருமட்டும் விடுவார். கையை முழங்கைவரை உள்ளே விட்டுக் கலக்குவார். பிறகு அதே கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெற்றிலை போடுவார். கேட்டால், "என்ர அப்பரும் இப்பிடித்தான் அடிச்சவர்" என்பார். அப்பர் எதில் செத்தவர் என்று கேட்டால், அது வேறு வருத்தம் என்பார்.

எல்லாவற்றையும்விடச் சறோஜினியை உலுக்கியது கிணறு. தீவில் நல்ல தண்ணீர்க் கிணறுகளை விரல்விட்டு எண்ணலாம். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே கல், அதற்கும் கீழே கடல். இடையில் மாரி மழை விட்டுப்போன தண்ணீர்தான் பாலாடை மாதிரி மிதக்கிறது. அந்தக் கிணற்றுக் கட்டிலேயே டாங்கியைக் கழுவி, கழுவிய தண்ணீரை அங்கேயே ஊற்றினால் அது எங்கே போகும்? இறைக்கிறதும் அதில், குளிக்கிறதும் அதில், உலை வைக்கிறதும் அதில்.

திணைக்களம் அளவுக் கோப்பைகள் அனுப்பியது. அவள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பாதி கள் குடிக்கப் போயின. மிச்சத்தில் ஒன்றை ஒரு வீட்டுக் குசினியில் கண்டாள். தாய் அதை வடிவாகக் கழுவி வைத்து, பிள்ளைக்கு இருமல் பாணி அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். "மருந்துக் கோப்பைதானே மிஸ், மருந்துதானே குடுக்கிறன்" என்றாள் அவள். ஒரு பிழையும் இல்லாத பதில். சறோஜினி அன்றைக்கே ஊர் முழுக்கத் திரிந்து, சண்டை பிடித்து, கொடுத்த கோப்பைகளையெல்லாம் திரும்பப் பறித்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகுதான் மூடி வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வருவது ஒரே மருந்து, ஒரே போத்தல். போத்தலோடு ஒரு திருகுமூடி. கோப்பை தொலையலாம், மூடி தொலையாது. மூடி தொலைந்தால் மருந்து ஆவியாகிவிடும் என்ற பயத்திலாவது கவனமாக வைத்திருப்பார்கள். அவள் அளந்து பார்த்தாள். ஒரு டாங்கிக்கு அந்த மூடியால் இரண்டு மூடி விட்டால் கணக்குச் சரி.

"ஒரு டாங்கிக்கு ரெண்டு மூடி" என்று படலைக்குப் படலை நின்று சொன்னாள். "அதுக்கு மேலை ஒரு துளியும் வேண்டாம். புழு கூட எண்டாலும் ரெண்டு, மழைக்குணம் எண்டாலும் ரெண்டு. நீங்கள் ஒண்டும் யோசிக்க வேண்டாம். நான் யோசிச்சிட்டன்."

ஆண்கள் சிரித்தார்கள். அவள் ஆண்களை விட்டுவிட்டுப் பெண்களைப் பிடித்தாள். டாங்கிக்குத் தண்ணீர் சுமக்கிறது அவர்கள்தானே. அப்படிப் பிடித்தவர்களில் முதல் ஆள் யோகம்மா.

யோகம்மா புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, மனோகரி என்ற ஒரே மகளோடு, மண்கும்பான் பக்கமாக இருந்த கடைசித் தோட்டத்தைத் தானே செய்துகொண்டிருந்தவள். கொத்துவதும் அவள், இறைப்பதும் அவள், டாங்கியை முதுகில் போட்டு அடிப்பதும் அவள். பெண்பிள்ளை மருந்தடிக்கிறாள் என்று ஊர் ஒரு பருவம் வாய்பார்த்துவிட்டுப் பிறகு விட்டுவிட்டது. ஒருவர் சொன்னதை நம்பினால் அவள் முழுதாக நம்புவாள், பாதி நம்பிக்கை அவளிடம் இல்லை. சறோஜினி சொன்ன அன்றிலிருந்து அவள் தோட்டத்தில் இரண்டு மூடிதான். அது போதாதென்று மற்றவர்களின் தோட்டத்துக்கும் காவல். கதிர்காமு வேலிக்கு மறைவில் குந்தியிருந்து மூன்றாம் மூடி விடுகிறார் என்று கண்டால், வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "அண்ணை, மிஸ் உங்களுக்கு மட்டும் தனியா மூண்டு எண்டு சொன்னவவோ" என்று கேட்பாள். கதிர்காமு அன்றைக்கெல்லாம் அவளைத் திட்டியபடி இரண்டு மூடியோடு அடிப்பார்.

ஊர் மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. டாங்கி கழுவுவது கிணற்றடியிலிருந்து தூரப் போனது. அடித்துவிட்டு வந்தால் சவுக்காரம் போட்டுக் குளித்த பிறகுதான் சாப்பாடு என்பது பழகிப்போனது. தலையிடி, வாந்தி என்று படுக்கிறவர்கள் குறைந்தார்கள். வெளியில் துவக்குச் சத்தமும் ஹெலிச் சத்தமுமாக நாடு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பொல்லாத காலத்தில் ஒரு சின்னக் காரியம் சரியாக நடந்ததென்றால் அது இதுதான். கரம்பொன்னில் சறோஜினியைப் பெண்பார்க்க வந்த மாப்பிள்ளையின் தமக்கை, "பிள்ளையிலை மருந்து மணக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். தாய் செல்லாச்சி அதை நினைத்து நினைத்து அழுதாள். சறோஜினிக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஒருமுறை யாழ்ப்பாணத்தில் நடந்த கூட்டத்தில் அவளை எழுந்து பேசச் சொன்னார்கள். பேசி முடிந்ததும் ஒரு வயதான உத்தியோகத்தர், "பிள்ளை, நீர் செய்யிறது நல்ல வேலை. ஆனா போத்திலும் மூடியும் எப்பவும் ஒண்டா இருக்காது. போத்திலிலை எழுதியிருக்கிறதை வாசிக்கப் பழக்கும்" என்றார்.

"வாசிக்கிற எழுத்தே சேர் அது? எறும்பு ஊருற மாதிரிக் கிடக்குது" என்றாள் சறோஜினி.

மண்டபம் சிரித்தது. சொன்னவரும் சிரித்தார். அவள் வெற்றியோடு கதிரையில் அமர்ந்தாள். பின்னாளில் எத்தனையோ முறை அந்தச் சிரிப்பு அவள் காதுக்குள் கேட்டது. அப்போதெல்லாம் அவளுக்குத் தன் நாக்கை அறுத்து எறியவேண்டும் போல இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி அடிபாடு. கோட்டைக்கு முன்னால் ஓடுகிற பண்ணைப் பாலத்தில் தலை காட்ட முடியாது, பஸ் நின்றுவிட்டது. பட்டினத்துக்குப் போக வேண்டுமென்றால் வேலணைக் கரையில் உள்ள அராலித்துறைக்குப் போய் வள்ளம் ஏறி, எதிர்க்கரை அராலிக்குக் கடலைத் தாண்ட வேண்டும். அரசாங்கம் வடக்குக்குச் சாமான் வரவிடாமல் மறித்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை, உரம் இல்லை. சங்கக்கடையில் தராசு மட்டும் தொங்கியது.

அரிசியும் இல்லை. வேலணைக்காரரிடம் இருந்தது மிளகாய் ஒன்றுதான். செத்தலாக உலர்த்தி அக்கரைக்குக் கொண்டுபோனால், அதைக் கொடுத்து அரிசி வாங்கலாம். அந்த மிளகாய்தான் அந்த வருடம் இலை சுருளத் தொடங்கியது. ஒரு தோட்டத்தில் கண்டால் மறு கிழமை அடுத்த தோட்டத்தில். கன்று சுருண்டால் சோறு இல்லை. சனம் மருந்து மருந்து என்று பறந்தது.

அந்த நேரம் பார்த்துச் செல்லாச்சி காய்ச்சலில் விழுந்தாள். கரம்பொன்னை அடுத்த ஊர்காவற்றுறைப் பக்கம் ஹெலி சுற்றிச் சுற்றிச் சுட்டது. தாயைத் தனியே விட்டுவிட்டுத் தெருவில் இறங்கச் சறோஜினிக்கு வழியில்லை. ஒரு கிழமைக்கு மேல் அவள் வேலணைப் பக்கம் போகவில்லை.

தாய்க்குக் காய்ச்சல் தணிந்தபிறகு போன அன்று முதலில் கண்டது கதிர்காமுவை. வேலியோரம் குந்தியிருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது, கண்மணி ஊசி முனை போலச் சுருங்கியிருந்தது. சறோஜினிக்குப் பார்த்தவுடனே விளங்கிவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எத்தினை மூடி விட்டனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

"ரெண்டு மிஸ்" என்றார் கதிர்காமு மூச்சு வாங்கியபடி. "கோயில் வாசல்லை நிண்டு சத்தியம் பண்ணுவன். மருந்து கிடையாத காலத்திலை ஆர் கூட விடுவான்? அரை டாங்கிதான் அடிச்சனான், தலை சுத்தி இருந்திட்டன்."

வாழ்நாளில் முதன்முறையாக, ஒருவரும் காவல் இல்லாமலே அவர் அவள் சொல் கேட்டிருந்தார். வரம்பில் கிடந்த போத்தலை அவள் எடுத்துப் பார்த்தாள். ஜாம் போத்தல். அகலவாய். தகர மூடி உள்ளங்கையை நிறைத்தது. பழைய மூடியால் நாலைந்து மூடி அதற்குள் கொள்ளும். முகர்ந்து பார்த்தாள், மூக்குக்குள் கத்தி வைத்தது மாதிரி ஏறியது. சங்கக்கடை மருந்து இல்லை இது, அதைவிடப் பலமான ஏதோ ஒன்று.

சங்கக்கடை காலியான பிறகு ஊரில் சாமான் கிடைத்தது இளையதம்பியின் கடையில்தான். சைக்கிளை மிதித்து அங்கே போனாள். கடை வாசலில் இன்னும் கொஞ்சம் ஜாம் போத்தல்களும் ஊறுகாய்ப் போத்தல்களும் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தன. இளையதம்பி பொல்லாத ஆள் இல்லை. வள்ளத்தில் ஒரு பீப்பா வந்தது. ஊற்றிக் கொடுக்கப் போத்தல் கிடைக்கவில்லை. கிடைத்ததில் ஊற்றினார், அவ்வளவுதான்.

"இது என்ன மருந்து அண்ணை?"

"மருந்துதான் மிஸ். பீப்பாவிலை கிடந்த எழுத்தை உப்புத்தண்ணி அழிச்சுப் போட்டுது."

"எவ்வளவு விடச் சொன்னனீங்கள்?"

"நான் ஏன் சொல்லோணும்? நீங்கள் படிப்பிச்சனீங்கள்தானே" என்றார் இளையதம்பி, அவளை மெச்சுகிற குரலில். "ரெண்டு மூடி எண்டு இஞ்சை பால்குடிக்கும் தெரியும்."

சறோஜினி, யார் யார் வாங்கினது என்று கேட்டாள். அவர் யோசித்து யோசித்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கடைசியாக, "ஆ, யோகம்மாவும் நேற்றுப் பின்னேரம் வந்து வாங்கினவ" என்றார்.

தோட்டங்கள் ஒரே வழியில் வரிசையாகக் கிடந்தன. அவள் ஒவ்வொன்றிலும் இறங்கினாள். மனம் கடைசித் தோட்டத்துக்குப் பறந்தது, ஆனால் இடையில் கிடப்பவர்களை எப்படித் தாண்டிப் போவது? ஒரு வீட்டில் டாங்கியைத் தூக்கி முதுகில் வைக்கப்போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னொரு வீட்டில் முதல்நாள் அடித்தவன் போர்த்திக்கொண்டு கிடந்தான். வேறொரு தோட்டத்தில் ஒரு மனுசி போத்தலைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, "இதையும் பறிச்சால் நாங்கள் பட்டினிதான் மிஸ்" என்று அழுதாள். "பறிக்கேல்லை அக்கா, நான் திரும்பி வருமட்டும் தொடாதேங்கோ" என்று கெஞ்சிவிட்டு ஓடினாள். தென்மேற்கிலிருந்து வீசும் ஆடிச் சோளகக் காற்று எதிரே நின்று சைக்கிளைத் தள்ளியது.

யோகம்மா வெள்ளென எழும்பி அடிக்கத் தொடங்குகிறவள். அது சறோஜினி பழக்கிய பழக்கம்தான், வெயிலுக்கு முதல் அடிக்க வேண்டும் என்று. கடைசித் தோட்டத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது பாத்திகளெல்லாம் நனைந்து முடிந்திருந்தன. யோகம்மா கிணற்றிலிருந்து தள்ளி, டாங்கி கழுவும் இடத்தில், சொல்லிக்கொடுத்த இடத்தில், சரிந்து கிடந்தாள். பழைய டாங்கி ஒழுகி முதுகுச் சட்டை முழுக்க ஈரம். மனோகரி தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிட ஆளில்லாமல் விறைத்துப்போய் இருந்தாள்.

"சட்டையைக் கழட்டு. தண்ணி கொண்டு வா, கெதியா. சவுக்காரம் இருக்கே?"

சவுக்காரம் எங்கே இருக்கும்? ஊரே பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த காலம். மனோகரி ஓடிப்போய் ஒரு பனம்பழத்தை எடுத்து வந்தாள். இருவருமாக அந்தக் களியைப் பூசித் தேய்த்துத் தேய்த்து ஊற்றினார்கள். யோகம்மாவின் தோளும் தொடையும் தோலுக்குக் கீழே புழு நெளிவது போலத் துடித்தன.

"நான் கேட்டனான் மிஸ்" என்றாள் மனோகரி, தேய்த்தபடியே. "மூடி பெரிசாக் கிடக்குது, சரியோ எண்டு கேட்டனான். அம்மா சொன்னவ, மிஸ் மூடி எண்டுதான் சொன்னவ, சின்ன மூடி எண்டு சொல்லேல்லை எண்டு. இளையதம்பியண்ணை தண்ணி கலந்திருப்பார், அதுதான் பெரிய மூடி போட்டிருக்கிறார் எண்டு சொன்னவ. பிழையெண்டால் மிஸ் வந்து சொல்லுவா எண்டு சொன்னவ."

சறோஜினி இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினாள். யோகம்மாவுக்கு யோசிக்கத் தெரியாதா? கிணற்றில் எந்த நேரம் உவர் ஏறும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்கிறவள். நோட்டுத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வாங்காதவள். இந்த ஒரு காரியத்தில் மட்டும் அவள் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டாம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள் சறோஜினி.

கிட்ட இருந்த மருந்தகத்தில் அவளைக் காப்பாற்றக்கூடிய ஊசி இல்லை. பட்டினத்து ஆசுப்பத்திரியில் ஒருவேளை இருக்கலாம். கதிர்காமு தன் வருத்தத்தோடேயே வண்டிலைப் பூட்டிக்கொண்டு வந்தார். வழி நெடுக ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மறுபக்கம் குனிந்து சத்தி எடுத்தார்.

அராலித்துறையில் சில்வெஸ்ரரின் வள்ளம் நின்றது. மண்டைதீவில் மீன்பிடித்தவர், சண்டையால் அங்கிருந்து கிளம்பி வந்து, இப்போது அக்கரைக்கு ஆள் ஏற்றுகிறார். வானத்தில் குண்டுபோடுகிற பொம்மர் சுற்றுவதால் பகலில் ஒருவரும் கடலில் இறங்குவதில்லை. பொழுதுபடட்டும் என்று ஒரு கூட்டம் தாழை மறைவில் காத்திருந்தது.

"பொழுதுபடுமட்டும் நிக்க ஏலாது அண்ணை" என்றாள் சறோஜினி. "மனுசிக்கு மூச்சு இழுக்குது."

சில்வெஸ்ரர் யோகம்மாவை ஒருமுறை பார்த்தார், வானத்தை ஒருமுறை பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஏறுங்கோ" என்றார்.

காற்று நல்ல காற்று. பாய் விரித்ததும் வள்ளம் அராலியை நோக்கி ஓடியது. யோகம்மாவின் தொண்டைக்குள் நுரை கட்டிக் கட்டி அடைத்தது. சறோஜினி அவளை ஒருபக்கம் திருப்பி, விரலால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். அம்மாளாச்சித் தெய்வமே, அக்கரை போகுமட்டும் இந்த மூச்சை விட்டு வை, பிறகு என்னை எடு என்று அவள் வாய்க்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாதிக்கடலில் யோகம்மா கண்ணைத் திறந்தாள். ஆள் தெரிந்ததோ, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாளோ, சறோஜினியின் கையைப் பிடித்தாள்.

"மிஸ், நான் கூட விடேல்லை" என்றாள். "நீங்கள் சொன்னதுதான் விட்டனான்."

"ஓம் அக்கா. நீங்கள் சரியாத்தான் செய்தனீங்கள்."

"பேந்து ஏன் மிஸ் எனக்கு இப்பிடி?"

சறோஜினி அதற்கும் ஒரு பொய் தேடினாள். அவள் தேடி எடுப்பதற்குள் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது. அராலிக் கரையில் வள்ளம் தட்டியபோது யோகம்மாவுக்கு மூச்சு இல்லை. ஆசுப்பத்திரிக்கு இன்னும் எத்தனையோ கட்டை தூரம் இருந்தது. சில்வெஸ்ரர் தலைத்துண்டை அவிழ்த்து அவள் முகத்தை மூடினார். பிறகு, வந்த வழியே காற்றுக்கு எதிராகக் கம்பு ஊன்றி ஊன்றி அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார்.

செத்தவீட்டில் சறோஜினி எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள். மூடிக்கு மூடி அளவு வேறு, மருந்துக்கு மருந்து பலம் வேறு, இதைச் சொல்லித் தராதது தன் பிழை, யோகம்மாவைக் கொன்றது தன் சொல் என்று சொன்னாள். யாராவது ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள். சனம் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தது. சேலைக்குள் போத்தலை ஒளித்த அந்த மனுசி கிட்ட வந்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

"அப்ப மிஸ், மிச்சம் கிடக்கிறதை எவ்வளவு விட்டால் சரி?"

"எனக்குத் தெரியாது" என்றாள் சறோஜினி.

"நீங்களே தெரியாது எண்டால்?"

"என்ன மருந்து எண்டே ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. ஒண்டையும் விடாதேங்கோ. மண்ணுக்குள்ளை தாட்டு விடுங்கோ."

அந்த மனுசி தலையாட்டினாள். மற்றப் பெண்களும் தலையாட்டினார்கள். ஒருவரும் புதைக்கப்போவதில்லை என்று சறோஜினிக்கு அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது. சுருண்டுபோன கன்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, வீட்டில் உலை வைக்க ஒன்றும் இல்லாமல், மருந்தைப் புதைத்துவிடு என்றால் யார் புதைப்பார்கள்? அந்த மிளகாய் ஒருவருக்கும் சோறு போடவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்ச நாளில் இராணுவம் தீவில் இறங்கியது. ஊர் எழும்பி ஓடியது. மிளகாய் சிவந்து, கன்றிலேயே வாடிக் கருகியது. ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

யோகம்மாவின் எட்டாம்நாள் காரியமான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் காலை சறோஜினி கடைசித் தோட்டத்துக்குப் போனாள். மனோகரிக்கு ஆறுதல் சொல்ல என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனாள். உண்மையில், அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனாள். மனோகரி பாத்தி நடுவில் நின்றாள். முதுகில் டாங்கி. ஒழுகிய இடத்தில் சீலைத்துணி இறுக்கிக் கட்டியிருந்தது. இடது கையால் பம்பை இழுத்து இழுத்து, வலது கையால் கன்றுக்குக் கன்று அடித்துக்கொண்டு வந்தாள்.

"மனோகரி, இறக்கு பிள்ளை அதை" என்றாள் சறோஜினி வரம்பில் நின்று. "மிளகாய் போனால் போகுது. என்னோடை கரம்பொன்னுக்கு வா. இருக்கிறதை மூண்டு பேரும் தின்னுவம்."

"எத்தினை நாளைக்கு மிஸ்?"

சறோஜினி மனதுக்குள் அரிசியைக் கணக்குப் பார்த்தாள். காய்ச்சல் மாறிய செல்லாச்சிக்கே வீட்டில் இரண்டு நாளாகக் கஞ்சித்தண்ணிதான்.

"எவ்வளவு விட்டனி? அதையாவது சொல்லு."

மனோகரி பம்பை நிறுத்தினாள். முகத்தில் கோபம் இல்லை. அழுது முடித்தவளின் முகம்.

"அதை ஏன் கேக்கிறியள்? நீங்கள் சொன்னதுக்கு மேலை அம்மா ஒரு சொட்டும் விடேல்லை, ஒரு நாளும் விடேல்லை. இனி எனக்கு நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ மிஸ். நான் பார்த்து விடுறன்."

சொல்லிவிட்டு மறுபடி பம்பை இழுத்தாள். காற்று அவளுக்கு நேரெதிரே அடித்தது. குழாயிலிருந்து புறப்பட்ட மருந்துத் தூவானம் கன்றில் பாதி விழுந்து, பாதி திரும்பி வந்து அவள் முகத்தில் படிந்தது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று அடிக்க வேண்டும். அது எந்த மருந்துக்கும் பொது, எந்தப் போத்தலுக்கும் பொது, அதில் பிழை வர ஒன்றும் இல்லை.

"பிள்ளை, காத்து முகத்திலை அடிக்குது" என்று சறோஜினி கத்தினாள். "மற்றப் பக்கம் திரும்பு. இதையாவது கேள், மனோகரி, திரும்பி நில்."

மனோகரிக்குக் கேட்டது. அவள் திரும்பவில்லை.